முதல் சவரக் கத்தி வாங்கப் போகிறீர்களா? மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மடக்குச் சவரக் கத்தி வாங்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, "இதைத் தீட்டப்போவது யார்?" இந்த ஊரில் கத்தி கிடைத்துவிடும். அதை முகத்தில் வைக்கிற பதத்துக்குக் கொண்டுவர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நான் அலைந்ததில் பாதிக்கு மேல் அதற்காகத்தான். சயானிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருந்துகொண்டு இதில் இறங்க நினைப்பவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசை மாறினால் பணம் விரயமாகும்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சலூனில் உங்கள் கழுத்தில் ஓடுவது பெரும்பாலும் அசல் சவரக் கத்தி கிடையாது. சாதாரண பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைச் சொருகிக்கொள்ளும் கத்தி அது. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக்கூடாது என்பதால் கடைகளுக்கு அதுதான் சரி. சலூன் சாமான் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தீட்டவும் வேண்டாம், தோல்வாரில் (கூரைச் சீராக்கக் கத்தியைத் தேய்க்கும் தோல் பட்டையில்) தேய்க்கவும் வேண்டாம்.

"முதலில் பிளேடு கத்தியில் பழகிக்கொண்டு அப்புறம் அசலுக்குப் போ" என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிளேடு கத்தி எடை குறைவு, அதன் வாய் (வெட்டும் ஓரம்) மிக மெல்லியது, கோணம் கொஞ்சம் பிசகினாலும் வெட்டிவிடும். நன்றாகத் தீட்டிய அசல் கத்தி அதைவிடப் பொறுமையானது. தினமும் ஐந்து நிமிடம் கத்தியைப் பராமரிக்க நேரம் ஒதுக்க முடியாது என்றால் பிளேடு கத்தியோடு நின்றுகொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒதுக்க முடியும் என்றால் நேராக அசலுக்கே வாருங்கள்.

முகப்பரு அதிகமுள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது.

2. தீட்டுகிற ஆளை முதலில் பிடியுங்கள்

புதுக் கத்தி பெட்டியிலிருந்து வரும்போதே சவரத்துக்குத் தயாராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் வைக்கும் கூர் காகிதத்தை அழகாக அறுக்கும், தாடியை இழுக்கும். உலகம் முழுக்க நல்ல விற்பனையாளர்கள் கத்தியைக் கையால் தீட்டி முடித்துத்தான் அனுப்புகிறார்கள். வாங்குமுன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கையால் தீட்டியதா? கடைசியாக எந்தக் கல்லில் முடித்தீர்கள்? கைமயிரைத் தோலில் படாமல் வெட்டிப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

அதற்கப்புறம் என்ன செய்வது? ஒழுங்காகத் தோல்வாரில் தேய்த்து வந்தால் ஒரு கூர் பல மாதம் நிற்கும். பிறகு மறுபடி தீட்டியாக வேண்டும். வழி இரண்டுதான். இதை ஆர்வத்தோடு செய்து தரும் ஆட்களைக் கண்டுபிடித்துக் கூரியரில் அனுப்பலாம், அல்லது நீங்களே கல் வாங்கலாம். கல் என்றால் 1000, 4000, 8000, 12000 என்று எண் ஏற ஏற கல்லின் துகள் நுண்ணியதாகும் வரிசை. முழு வரிசையின் விலை பெரும்பாலும் கத்தியின் விலையைத் தாண்டிவிடும். ஏற்கெனவே நல்ல கூருள்ள கத்தியைப் பாதுகாக்க மட்டும் என்றால் கடைசி இரண்டு கல்லே போதும். ஆகவே தீட்டிய கத்தியாகவே வாங்குங்கள், கல்லைப் பற்றி ஆறு மாதம் கழித்து யோசியுங்கள்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. சைக்கிளில் சக்கரம் வைத்துக்கொண்டு சாணை பிடிக்க வருபவரிடம் சவரக் கத்தியைக் கொடுக்காதீர்கள். காய்கறிக் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் வேலை பிரமாதம். சவரக் கத்தியின் வாய் அந்த வேகத்தில் சூடேறிப் பதம் இழந்துவிடும், ஓரம் நீலம் பூத்துப்போகும். இரண்டே நிமிடத்தில் நடக்கிற காரியம், திருப்ப முடியாது. வீட்டில் அரிவாள்மனை தீட்டும் கல்லும் வேண்டாம்.

வயதான நாவிதர் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அசல் கத்தியில் தொழில் செய்த தலைமுறையினர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கத்தியை எடுத்ததும் கல்லில் முதுகையும் (வாய்க்கு எதிர்ப்பக்கத் தடித்த ஓரம்) வாயையும் சேர்த்துப் படுக்க வைக்கிறாரா என்று கவனியுங்கள். முதுகைத் தூக்கிப் பிடித்தால் மரியாதையாக நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சவரக் கத்தியின் கோணத்தை நிர்ணயிப்பதே அந்த முதுகின் தடிமன்தான்.

3. அளவு, குழிவு, நுனி, இரும்பு

கத்தியின் அகலத்தை ஓர் அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 4/8 குறுகலானது. 7/8, 8/8 எல்லாம் பெரியவை, மூக்குக்குக் கீழே திருப்பவே இடமிருக்காது. முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8. சுமார் 16 முதல் 19 மில்லிமீட்டர். இதில் யோசிக்கவே வேண்டாம்.

பக்கவாட்டைக் குழித்து மெலிதாக்கியிருப்பதில் முழுக் குழிவு, அரைக் குழிவு என்று உண்டு. முழுக் குழிவில் வாய்ப்பக்கம் மிக மெல்லியது. மயிரை வெட்டும்போது சத்தம் கேட்கும், அந்தச் சத்தமே கோணம் சரியா என்று சொல்லிக்கொடுக்கும். அரைக் குழிவு கொஞ்சம் கனமாக, நிதானமாக இருக்கும். நம்மவர்களில் பலருக்கு இருக்கிற முரட்டுத் தாடிக்கு அரைக் குழிவு நன்றாக ஒத்துப்போகும். குழிவே இல்லாத ஆப்பு வடிவக் கத்தி பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

நுனி வட்டமாக இருக்கட்டும். கூரான நுனி பார்க்க மிடுக்காக இருக்கும், காது மடலையும் மூக்கோரத்தையும் பதம் பார்த்துவிடும்.

இரும்பு விஷயத்தில்தான் மும்பைக்கென்று யோசிக்க வேண்டும். கார்பன் எஃகு சுலபமாகத் தீட்டுப்படும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெய்ன்லெஸ் துருவைத் தாங்கும், தீட்ட அதிக நேரம் பிடிக்கும். உங்கள் வீட்டில் காற்றோட்டம் இருந்து, துடைத்து வைக்கும் பழக்கமும் இருந்தால் கார்பன். ஜன்னலே இல்லாத குளியலறை, ஒரே அறையில் ஐந்து பேர் என்றால் ஸ்டெய்ன்லெஸ். பிடிக்கு மரமோ கொம்போ கேட்காதீர்கள், நம் ஈரத்தில் வளைந்துகொள்ளும். பிளாஸ்டிக் பிடியே போதும்.

4. எங்கே வாங்குவது

ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகள் நம்பகமானவை. டோவோ, போக்கர், ரால்ஃப் ஆஸ்ட் எல்லாம் அங்கேயிருந்து வருபவை. பிரான்சில் தியேர் இசார் இருக்கிறது. புதிது நூற்றுச் சொச்சம் யூரோவில் தொடங்கும். சீனாவின் கோல்ட் டாலர் இந்த விலையில் சின்னப் பங்குதான். இரும்பு நன்றாகவே இருக்கும், ஆனால் முதுகும் தோள்பட்டையும் (வாய் முடிந்து கத்தியின் கழுத்து தொடங்கும் இடம்) ஒழுங்கில்லாமல் வரும், அதைச் சரிசெய்து தீட்டத் தெரிந்தவருக்குத்தான் லாபம். தீட்டி அனுப்புகிற ஆளிடமிருந்து கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

இணையக் கடைகளில் 500, 800 ரூபாய்க்கு அலை அலையாகக் கோடு போட்ட டமாஸ்கஸ் கத்தி, பித்தளை வேலைப்பாடு, மரப்பெட்டி, தோல் உறை எல்லாம் சேர்த்து வரும். அவற்றில் பெரும்பாலானவை கத்தி மாதிரி தோற்றமளிக்கும் அலங்காரப் பொருள்கள். வாய் தடிமன், முதுகு கோணல், எத்தனை நாள் கல்லில் தேய்த்தாலும் கூர் நிற்காது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அந்தக் கத்தியில் முகத்தைக் கீறிக்கொண்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவது வழி பழைய கத்தி. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழம்பொருள் கடைகளில் அவ்வப்போது சோலிங்கன் முத்திரையோடோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரையோடோ கிடைக்கும். வெள்ளிக்கிழமை அந்தக் கடைகளுக்கு விடுமுறை. அன்று விடியற்காலையில் கூடும் ஜும்மா சந்தை தனி. அங்கே வாங்கினால் மலிவு, ஆனால் தீட்டும் செலவைச் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் காகிதங்கள்

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், பான் அட்டை நகல், விற்பனையாளர் தந்த விலைச்சீட்டு, பணம் கட்டியதற்கான ஆதாரம். தனியார் கூரியரில் வந்தால் பார்சல் இறங்கியதும் அடையாள ஆவணம் கேட்டு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வரும். அதில் உள்ள பெயரும் முகவரியும் பார்சலில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்டர் போடும்போதே ஆதாரில் இருக்கிறபடி பெயரைக் கொடுங்கள். இன்ஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் என்று நம் ஆட்களுக்கு வருகிற குழப்பத்தால் பார்சல் தேங்கிப்போவது சகஜம்.

கூரியர் நிறுவனம் சுங்க வரியைக் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வாங்கும். தபாலில் வந்தால் பல்லார்டு எஸ்டேட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தபால் அலுவலகம் வழியாக வரும். வரி இருந்தால் தபால்காரரிடம் கட்ட வேண்டும். தபால் மலிவு, ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் பார்சல் ஒன்று வாரக்கணக்கில் ஒரே நிலையைக் காட்டிக்கொண்டு நின்றது. பொங்கலுக்கு, பிறந்தநாளுக்கு என்று தேதி வைத்து ஆர்டர் போடாதீர்கள்.

சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து விலையைக் கணிசமாக ஏற்றும். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் பணம் கட்டும் வாரத்தில் கூரியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். "பரிசு என்று எழுதி அனுப்புங்கள்", "விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று விற்பனையாளரிடம் கேட்கவே கேட்காதீர்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது. விலையைக் குறைத்துக் காட்டினால் பொருள் மாட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்தால் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறிபோகும். ஊருக்குள் எடுத்துப் போகும்போதும் மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

6. பழைய கத்தியைக் கையில் எடுத்தால்

நகைத்தொழில் சாமான் விற்கும் ஜவேரி பஜார் கடைகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் கிடைக்கும். அதை முதலில் வாங்கிவிடுங்கள், பின்னால் தீட்டும்போதும் உதவும்.

கத்தியை விரித்து, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டு வெள்ளைப் புள்ளியாக மின்னும் இடங்களில் மழுங்கியிருக்கிறது அல்லது பல் விழுந்திருக்கிறது. சின்னப் பல்லைத் தீட்டி எடுத்துவிடலாம். பல்லிலிருந்து முதுகை நோக்கி மெல்லிய கோடு ஓடுகிறதா என்று லென்ஸில் பாருங்கள். ஓடினால் அது விரிசல். கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து முதுகு. இரண்டு பக்கமும் தீட்டிய தடம் பளபளவென்று ஒரு பட்டையாகத் தெரியும். மெல்லிய பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் நூல் மாதிரியும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் கத்தி வளைந்திருக்கிறது, அல்லது யாரோ ஒரு பக்கமாகவே அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள். கண்ணாடி மேஜையில் படுக்க வைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம்.

பிறகு வாயின் கோடு. லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை. நடுவில் உள்வாங்கியிருந்தால் நிறைய இரும்பைத் தேய்த்து எடுக்க வேண்டிவரும், முதல் கத்திக்கு அது தேவையில்லாத வேலை.

துரு விஷயத்தில் நிறம் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். முதுகிலும் வாலிலும் (பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை) கறுப்புப் புள்ளிகள் இருந்தால் கவலைப்படாதீர்கள். வாயோரத்தில் குழிகுழியாக அரித்திருந்தால் தீட்டத் தீட்ட வாய் உதிரும். கடைக்காரர் எண்ணெய் பூசிப் பளபளப்பாக வைத்திருப்பார், துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக மடக்கிப் பாருங்கள். பிடியின் இரண்டு தகட்டுக்கும் நடுவில் வாய் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் மூடும்போதெல்லாம் கூர் போகும். வாங்கிவந்ததும் வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள், பிடி கெட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பலமுறை துடையுங்கள்.

7. தோல்வாருக்குத் தாராவி

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் கத்தியைத் தோலில் தேய்த்தாக வேண்டும். இது இல்லாமல் கத்தி வாங்குவதில் அர்த்தமே இல்லை. வெளிநாட்டுத் தோல்வாருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே தாராவி இருக்கிறது, தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பல இடங்களில் தமிழிலேயே பேசலாம்.

"அண்ணே, பெல்ட்டுக்குப் போடுற மாதிரி எருமைத் தோல், மரப்பட்டைப் பதனீடு, மேலே கோட்டிங் எதுவும் வேணாம், மூணு இன்ச் அகலத்துக்கு வெட்டித் தருவீங்களா?" இப்படிக் கேளுங்கள். நீளம் 18 முதல் 20 அங்குலம், கனம் சுமார் 3 மில்லிமீட்டர். இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளக்கூடாது. நீண்டால் அது குரோமியப் பதனீடு, தேய்க்கும்போது தொங்கி வாயை மழுக்கிவிடும். மேற்பரப்பில் உள்ளங்கையை ஓட்டுங்கள். மடிப்போ வடுவோ கொசுக்கடித் தழும்போ தட்டுப்பட்டால் வேறு துண்டு கேளுங்கள். முனையில் ஒரு வளையம் தைத்துத் தரச் சொன்னால் வேலை முடிந்தது. பின்பக்கத்துக்கு அதே அகலத்தில் கெட்டியான பருத்தி கேன்வாஸ் பட்டை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேய்க்கும் விதம்: முதுகும் வாயும் தோலில் படுத்திருக்க, முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின் மேல் திருப்பினால் தோலும் அறும், கூரும் போகும். கேன்வாஸில் இருபது முப்பது இழுப்பு, தோலில் ஐம்பது அறுபது. அழுத்தமே கூடாது, கத்தியின் எடை போதும். முதல் தோல்வாரை எல்லாரும் கொஞ்சம் கீறத்தான் செய்வார்கள், அதற்காகவே மலிவானதாக வாங்கச் சொல்கிறேன்.

8. மொத்தக் கணக்கு

கத்தியின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். கத்தி, வரி, கூரியர், தோல்வார், பிரஷ், சோப்பு, லென்ஸ், படிகாரக் கட்டி, வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை தீட்டும் செலவு எல்லாம் சேர்த்துப் போடுங்கள். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கத்திக்கே போகிறது என்றால், ஒரு படி குறைந்த கத்தி வாங்கி நன்றாகத் தீட்டச் சொல்லுங்கள். நல்ல கூருள்ள மலிவுக் கத்தி, கூரில்லாத விலையுயர்ந்த கத்தியைவிட முகத்துக்கு நல்லது.

9. முதல் சில சவரங்கள்

கத்தி வந்ததும் கட்டைவிரல் நகத்தில், காகிதத்தில், கயிற்றில் சோதிக்காதீர்கள். தீட்டி வந்த கூர் அங்கேயே போய்விடும். முன்கையில், தோலுக்குக் கொஞ்சம் மேலே, மயிரில் மட்டும் படும்படி ஓட்டிப் பாருங்கள். மயிர் நுனி தானாக உதிர்ந்தால் தயார். தீட்டியவர் சொல்லியிருந்தால் ஒழிய, முதல் சவரத்துக்கு முன்னால் தோல்வாரில் போடவும் வேண்டாம். நம் கை பழகாத வரை அதிலேயே கெடுத்துவிடுவோம்.

வேலைநாள் காலையில், லோக்கலைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, குளித்த கையோடு, நிறைய நுரை போட்டு, கன்னங்களை மட்டும் மழியுங்கள். தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, சுமார் 30 டிகிரி சாய்வில், மயிர் வளரும் திசையிலேயே. மிச்சத்தை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளலாம். கன்னம் நன்றாகக் கைவந்த பிறகு கழுத்து, அப்புறம் மேலுதடு, கடைசியாகத் தாடை. கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், கீழே விழட்டும்.

10. ஜூன் வந்துவிட்டால்

மழைக்காலத்தில் கார்பன் கத்தியில் ஓர் இரவிலேயே புள்ளி விழும். சவரம் முடிந்ததும் கழுவி, டிஷ்யூவால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, சுத்தமான தோல்வாரில் சில இழுப்பு இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போய்விடும். திறந்தபடியே அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி மூடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக்கொள்ளும். குளியலறையில் வைக்கவே கூடாது. தோல் உறையிலும் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். தோல்வாரையும் சுவரில் ஒட்டாமல் தொங்கவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

அப்படியும் புள்ளி விழுந்தால், வாயிலிருந்து தள்ளி இருக்கும்போது மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். வாயோரத்திலேயே விழுந்துவிட்டால் தேய்க்க வேண்டாம், தோல்வாரிலும் போட வேண்டாம். எண்ணெய் தடவி மூடி, தீட்டுகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.